இளைத்துக்கொண்டே போன தொழிலாளிகள்

ஏழாம் அத்தியாயம்

முதல் தொழிற்சாலையில் எல்லோரும் குண்டாக இருந்தார்கள்.

வெல்டிங் செய்கிறவர், இரும்புக் குழாய் வெட்டுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர் என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிவப்புச் சட்டைக்குள் பிதுங்கிக்கொண்டு நின்றார்கள். கும்மிடிப்பூண்டியின் சித்திரை வெயிலில் அவர்கள் காதோரம் வியர்வை ஓடியது.

"இன்னா மாமி, கம்பெனில நாஷ்டா பலமா போடுவாங்க போல கீதே," என்று ஜோஷ்வா கிசுகிசுத்தான். "பேசாம துப்பறியிற வேலைய உட்டுட்டு இங்க சேந்துக்கட்டா?"

"வேண்டாம்டா. உன்னைப் பார்த்தா அவாள்ளாம் ஏங்கிப்போயிடுவா," என்றார் ஹேமாம்புஜம்.

திருவள்ளூர் தேரடிக்கு அடுத்த தெருவில் 'கருடன் துப்பறியும் நிலையம்' நடத்துகிறவர் ஹேமாம்புஜம். கையில் மோர் பாட்டில், வளையலில் கொத்தாக ஊக்குகள், ஒவ்வொரு ஊக்கிலும் ஒரு துளசி மணி. ஊக்கு தொலைந்தால் மணியை வைத்துத் தேடிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஜோஷ்வா அவருடைய உதவியாளன். துப்பறிய வேலை இல்லாத நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுவான். அதாவது, பெரும்பாலும் ஷேர் ஆட்டோதான் ஓட்டுவான்.

இருவருக்கும் நடுவில் மெர்சி நின்றிருந்தாள். சோழவரத்தில் பெண்களை மட்டும் வைத்து இரும்புப் பட்டறை நடத்துகிறவள். அரசுப் பள்ளிகளுக்கு பெஞ்சு செய்யும் டெண்டரில் அவள் சொன்ன விலைதான் எல்லாவற்றிலும் குறைவு. 'அனுபவம் போதாது' என்று தள்ளிவிட்டார்கள். மீதி மூன்று கம்பெனிகளில் ஒன்றுக்கு வேலை போனது. அந்த மூன்றும் ஒரே ஆளுடையவை, போட்டி போடுவதுபோல் நடிக்கின்றன என்று மெர்சி சட்டமன்றத்தின் ஒப்பந்த ஆய்வுக் குழுவுக்கு மனுப் போட்டாள். நேரில் பார்த்துவிடலாம் என்று இன்றைக்குக் குழுவே கிளம்பி வந்துவிட்டது.

இன்றைக்குள் நிரூபணம் ஆகாவிட்டால், பொய்ப் புகார் கொடுத்தவள் என்று மெர்சியின் பட்டறை கருப்புப் பட்டியலுக்குப் போகும். பிறகு எந்த அரசு வேலையும் வராது. அவளை நம்பி வெல்டிங் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புகார் கொடுத்தவர் துணைக்கு இரண்டு பேரை அழைத்து வரலாம். பார்க்கலாம், கேட்கலாம். தலைவர் சொல்லாமல் வாய் திறக்கக் கூடாது. ஜோஷ்வாவுக்கு அது கடுங்காவல் தண்டனை.

குழுவின் தலைவர் கெங்கம்மாள் எம்.எல்.ஏ., கண்டிப்பான பெண்மணி. "முதல்ல நம்ம பக்கம் சுத்தமான்னு பாத்துக்கலாம், நைனா. இந்த டெண்டர்ல யாருக்காவது சொந்தமோ பங்கோ இருந்தா இப்பவே சொல்லிட்டு வேன்ல போய் உக்காந்துக்குங்க," என்றார்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கி, இல்லை என்றார்கள்.

"மாமி, நலன் முரண், நலன் முரண்ணு காலைலேர்ந்து சொல்லிக்கினே கீறாங்களே, இன்னா அது?" என்றான் ஜோஷ்வா.

"பரீட்சை எழுதற பையனோட பேப்பரை அவன் அப்பாவே திருத்தினா?"

"பையன் பாஸு."

"அதான்."

கடைசியாகக் கை தூக்கியவர் வரதன் எம்.எல்.ஏ. குழுவில் மிக உரக்கக் கேள்வி கேட்கிறவர் அவர்தான். தோளில் பெரிய தோல்பை தொங்கியது. "எனக்கு இதுல ஒரு சம்பந்தம் இருந்தா, இந்த வெயில்லயே சுருண்டு விழணும்!" என்று முழங்கினார்.

தொப்பென்று ஒருவர் சுருண்டு விழுந்தார்.

வரதன் இல்லை. சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர். ஸ்டீவன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள்.

எல்லோரும் திகைத்து நிற்க, ஹேமாம்புஜம் மட்டும் ஓடினார். தலையை மடியில் வைத்து, முந்தானையால் விசிறி, காற்றுப் படட்டும் என்று சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். கழற்றியவரின் கை அப்படியே நின்றது. ஸ்டீவன் கண் திறந்து அவரைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"சொல்லிடாதீங்கம்மா. புள்ளைங்க கீது."

ஹேமாம்புஜம் கழற்றிய பட்டனைத் திரும்பப் போட்டுவிட்டார். மோர் பாட்டிலை அவர் வாயருகே வைத்தார். "சித்த நிழல்ல உட்காருங்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஆய்வு முடிந்ததும் மேனேஜர் சின்னராசு பளபளக்கும் ரோஸ் நிறச் சால்வையை எடுத்துவந்து கெங்கம்மாளுக்குப் போர்த்தினார். விலைச்சீட்டைப் பிய்த்த இடத்தில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் நரம்பு அவர் கழுத்தைக் குத்தியது. தலைவர் நெளிந்தார். கேமரா இருந்ததால் சிரித்துக்கொண்டே நெளிந்தார்.

ஹேமாம்புஜத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அருகே போனார். பேசக் கூடாது என்பதால் பேசவில்லை. ஓரத்தை உள்ளே மடித்து, வளையலிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக் குத்தி, நரம்பை மறைத்தார்.

"நல்லா இரும்மா," என்றார் கெங்கம்மாள், நிம்மதியாக.

படம் எடுத்து முடித்ததும் வரதன் கை நீட்டினார். "குடுங்கம்மா. இந்த வெயில்ல உங்களுக்கு ஏன் பாரம்? நான் பத்திரமா வெச்சுக்கறேன்."

சால்வை தோல்பைக்குள் போனது.

"பரவால்ல மாமி, நல்ல மனுசன்," என்றான் ஜோஷ்வா.

ஹேமாம்புஜம் மோர் பாட்டிலை மூடிக்கொண்டு நடந்தார்.

இரண்டாவது தொழிற்சாலை அடுத்த சாலையில் இருந்தது. வேறு பெயர்ப் பலகை, வேறு மேனேஜர், நீலச் சட்டைகள். தலைவருக்கு இங்கே சந்தன மாலை. வரதன் பெஞ்சை முழம் போட்டு அளந்து, "இதுல எம் பேரன் உக்காந்தா விழுந்துடுவான்!" என்று மேனேஜரைக் கிழித்தார். மேனேஜர் நடுங்கினார்.

ஜோஷ்வா தொழிலாளர் வரிசையை ஏற இறங்கப் பார்த்தான். யாரும் ஒல்லி இல்லை. ஆனால் முதல் இடத்தில் இருந்த அளவுக்கு யாரும் குண்டும் இல்லை.

"இங்க நாஷ்டா கொஞ்சம் கம்மி மாமி."

ஓரத்தில் ஒருவர் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷில் பெயின்ட் இல்லை. முகம் சுவரோடு ஒட்டியிருந்தது. காதோரம் மோர்த்துளி காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

ஜோஷ்வா வாயைத் திறந்தான். ஹேமாம்புஜம் அவன் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டு மூடினார்.

வெளியே வந்ததும் வரதன், "அம்மா, நான் என் கார்ல முன்னாடி போறேன். மூணாவது கம்பெனிக்காரன் எதையும் ஒளிக்காம பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பறந்தார். குழுவின் வேன் பின்னால் கிளம்பியது. அதற்குப் பின்னால் ஜோஷ்வாவின் ஆட்டோ.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வேன் முன்னால் நின்றது. ஆட்டோவுக்கு அருகில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு டெம்போ வந்து நின்றது. தார்ப்பாய் உயிருள்ளதுபோல் அங்குமிங்கும் புடைத்தது. உள்ளே முழங்கைகள் முட்டிக்கொண்டன.

"யோவ், கால மிதிக்காதய்யா!" என்றது தார்ப்பாய்.

"பட்டன் மாட்டிக்கிச்சுடா!" என்றது தார்ப்பாயின் இன்னொரு மூலை.

கல்கண்டு கரைந்துவிட்டதால் ஜோஷ்வாவால் பேச முடிந்தது. "மாமி! அவங்கதான்! சட்ட மாத்திக்கினு கீறாங்க!"

"மாத்தலை. கழட்டறா," என்றார் ஹேமாம்புஜம். "காலம்பற ஸ்டீவன் பட்டனைக் கழட்டினேனோல்லியோ, சிவப்புக்குள்ள நீலம் இருந்தது. நீலத்துக்குள்ள பச்சை. மூணு சட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு. ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒண்ணைக் கழட்டிண்டே வரா."

ஜோஷ்வா விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அவன் வாழ்வில் இது அபூர்வம். "அதான் கம்பெனிக்குக் கம்பெனி எளச்சிக்கினே போறாங்களா! நான் பஞ்சம்னு நெனச்சேன்!" என்று ஆட்டோவிலிருந்து குதித்தான். "தார்ப்பாய இழுத்து உட்டா மேட்டர் முடிஞ்சிச்சு. வேன் முன்னாடியே கீது."

"ஏறி உட்காரு."

"மாமி!" என்றாள் மெர்சி. அதுவரை வாய் திறக்காதவள். "காலைலேயே பாத்தீங்களா? பாத்துட்டு சும்மாவா வர்றீங்க? கருப்புப் பட்டியல்ல போட்டாங்கன்னா எங்க பொண்ணுங்க எங்க போவாங்க? ஏஞ்சல் புருசன உட்டுட்டு வந்து எங்கிட்ட வேலைக்கு நிக்கிது. அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

ஹேமாம்புஜம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தார்ப்பாயை இழுத்தா யார் மாட்டிப்பா? ஸ்டீவன் மாட்டிப்பார். சின்னராசு மாட்டிப்பார். ராத்திரிக்குள்ள எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவா. மூணு சட்டை போடச் சொன்னவன் எங்கேயோ ஃபேனுக்கு அடியில வேர்க்காம உட்கார்ந்திருக்கான். எனக்கு அவன்தான் வேணும். இன்னும் ஒரு இடம் இருக்கு, மெர்சி. அங்கேயும் ஒண்ணும் கிடைக்கலேன்னா நானே தலைவர்கிட்ட சொல்லிடறேன். உன் பொண்களை விட்டுட மாட்டேன்."

மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஹேமாம்புஜம் கண்ணை மூடி, ஊர்க் கோயிலில் படுத்திருக்கும் வீரராகவப் பெருமாளை நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் வேற வேற கவுண்டர்ல மனு குடுத்திருக்கீங்க," என்றான் ஜோஷ்வா. "எதுலயாவது ஒண்ணுல வேல ஆவணும்."

கேட் திறந்ததும் டெம்போ வேனையும் தாண்டிப் பறந்தது.

மூன்றாவது தொழிற்சாலையில் பச்சைச் சட்டைக்காரர்கள் மெலிந்து, காற்றாட, நிம்மதியாக நின்றார்கள். சிலர் முகத்தில் புன்னகைகூட இருந்தது. வாசலில் வரதன் இடுப்பில் கை வைத்து அதட்டிக்கொண்டிருந்தார். தோல்பை தோளில் தட்டையாகத் தொங்கியது.

கெங்கம்மாள் சுற்றிப் பார்த்தார். மெஷின்களைத் தொட்டுப் பார்த்தார். வரிசையில் சட்டையின் நிறத்தைத்தான் பார்த்தார், முகங்களை இல்லை. வந்து நின்று மெர்சியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வருத்தம் இருந்தது.

"மூணு எடம், மூணு மேனேஜர், மூணு செட்டு ஆளுங்க. எல்லாம் தனித்தனியாத்தான் இருக்குதும்மா. மனு எழுதறதுக்கு முன்னாடி நீ கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் வரதன். "நல்லா தொழில் பண்றவங்கள இப்பிடிப் பேஜாரு பண்றதுக்குன்னே சில பேரு கீறாங்க. கருப்புப் பட்டியல்ல போட்டாத்தான் புத்தி வரும்."

மெர்சியின் விரல்கள் ஹேமாம்புஜத்தின் விரல்களை இறுக்கின. ஹேமாம்புஜம் பேச அனுமதி கேட்கக் கையைத் தூக்கினார். அதற்குள் மேனேஜர் ஜெயராஜ் தட்டோடு குறுக்கே வந்துவிட்டார். தட்டில் ரோஸ் நிறச் சால்வை ஒன்று பளபளத்தது.

"எங்க கம்பெனி சார்பா ஒரு சின்ன மரியாதைங்கம்மா."

சால்வையை விரித்தார். கெங்கம்மாளின் தோளில் போட்டார். ஓரத்தை நீவிவிட்டார்.

"அய்யய்யோ!"

ஜெயராஜ் விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். தட்டு உருண்டு போய் வரதனின் காலடியில் சுழன்று அடங்கியது.

கெங்கம்மாள் சால்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். மடிப்புக்குள் ஊக்கு ஒன்று வாய் பிளந்துகொண்டிருந்தது. அதில் ஒரு துளசி மணி ஆடியது.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஹேமாம்புஜத்தின் வளையலைப் பார்த்தார். பிறகு ஜெயராஜைப் பார்த்தார்.

"சால்வை ரொம்ப நல்லாக்கீது, நைனா. எங்க வாங்கின?"

விரல் வாயில் இருந்ததால் ஜெயராஜுக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. "ஆரணிலம்மா. இன்னிக்கிக் காலைல நானே போய் எடுத்தாந்தேன். புத்தம் புதுசு."

"நீங்க பேசலாம்," என்றார் கெங்கம்மாள், ஹேமாம்புஜத்திடம்.

"பேசறதுக்கு என்ன இருக்கு? அது என் ஊக்கு," என்றார் ஹேமாம்புஜம். "காலம்பற முதல் கம்பெனியில உங்க கழுத்துல நரம்பு குத்தித்துன்னு நான்தான் போட்டு விட்டேன். அந்தச் சால்வையை யார்கிட்ட குடுத்தேள்னு மட்டும் யோசிச்சுப் பாருங்கோ."

எல்லோருடைய கண்களும் தோல்பையின் மேல் போய் நின்றன. வரதன் சிரித்தார்.

"இவ்ளோதானா? அம்மா, இவங்க சால்வை வாங்க மறந்துட்டாங்க. குழுத் தலைவருக்கு மரியாதை இல்லாம போயிடக் கூடாதேன்னு, முன்னாடி வந்தப்ப நான்தான் எடுத்துக் குடுத்தேன். அரசியல்ல சால்வை சுத்தி வர்றது சகஜம். உங்களுக்குத் தெரியாததா?"

கெங்கம்மாளுக்குத் தெரியும். போன தேர்தலில் தான் கொடுத்த சால்வை இந்தத் தேர்தலில் தனக்கே வந்ததை அவர் வாங்கிப் போர்த்தியிருக்கிறார். சால்வையை யாருமே பார்ப்பதில்லை. கேமராவை மட்டும்தான் பார்ப்பார்கள். வரதனும் பார்க்கவில்லை.

"அப்ப இவரு ஆரணிக்குப் போனது?" என்றான் ஜோஷ்வா. பொறுக்க முடியவில்லை. "உங்க பைக்குப் பேரு ஆரணியா சார்?"

யாரோ சிரித்தார்கள். பச்சைச் சட்டைகளில் ஒன்றுதான்.

"மறந்துட்டேன்னு சொல்ல வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டாரு, பாவம். வேற ஒண்ணுமில்ல," என்றார் வரதன். ஜெயராஜ் வேகமாகத் தலையாட்டினார்.

கெங்கம்மாள் தயங்கினார். ஒரு சால்வை, ஒரு ஊக்கு, ஒரு அசட்டுப் பொய். சந்தேகத்துக்குப் போதும். ஒரு எம்.எல்.ஏ.வைக் குற்றம் சொல்லப் போதுமா? மெர்சி ஹேமாம்புஜத்தைப் பார்த்தாள். ஹேமாம்புஜம் பச்சைச் சட்டைகளைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார். கடைசி இடமும் வந்துவிட்டது. மெர்சிக்குக் கொடுத்த வாக்கு நாக்கு நுனியில் நின்றது.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

வரிசையிலிருந்து ஸ்டீவன் வெளியே வந்தார்.

"யோவ், வரிசைல நில்லுய்யா!" என்று உறுமினார் வரதன்.

ஸ்டீவன் நின்றார். "நிக்கிறேன் மொதலாளி," என்றார். "சொல்லிட்டு நிக்கிறேன்."

கெங்கம்மாள் மின்விசிறிக்கு அடியிலிருந்து ஸ்டீவன் பக்கம் வந்தார்.

"அவரை ஏன் மொதலாளின்ற?" என்றார் கெங்கம்மாள்.

"மொதலாளிய வேற இன்னான்னு கூப்புடறதுங்கம்மா? மூணு கம்பெனியும் அவர்துதான். மேனேஜருங்க பேருலதான் போர்டு. மூணு சட்டயும் ஒண்ணா மாட்டிக்கினு வரணும்னு நேத்து அவரே நின்னு சொன்னாரு. செவப்பும் நீலமும் பின்னாடி டெம்போல கீது. தொவச்சித் திருப்பித் தரணுமாம். சொந்த சோப்புல."

சோப்பு விஷயம்தான் மற்றவர்களையும் உசுப்பியது. "ஆமாம்மா!" என்று வரிசையில் இரண்டு குரல்கள் எழுந்தன. யாரோ ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்தார்கள். சிவப்பும் நீலமுமாகச் சட்டைகள் குவியலாகக் கிடந்தன, இன்னும் ஈரம் காயாமல்.

வரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கு முதன்முறையாக வியர்த்தது. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"சொன்ன வாக்கக் காப்பாத்திட்டாரு மாமி," என்றான் ஜோஷ்வா. "வெயில்லதான் விழுவேன்னாரு. நெழல்ல விழுந்துட்டாரு."

ஹேமாம்புஜம் மோர் பாட்டிலைத் திறந்தார். மிச்சம் கொஞ்சம் இருந்தது. வரதனிடம் போய் நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கெங்கம்மாள் அங்கேயே நின்று உத்தரவு சொன்னார். பெஞ்சு ஒப்பந்தம் இப்போதே நிறுத்திவைப்பு. வரதன் மீது சபாநாயகருக்கு அறிக்கை. மெர்சியின் மனு உண்மை என்று குழுவின் குறிப்பு. உண்மையைச் சொன்ன தொழிலாளிகள் யாரையாவது வேலையைவிட்டு நீக்கினால் கெங்கம்மாளே நேரில் வருவார். எல்லாம் சொல்லி முடித்து ஸ்டீவனிடம் திரும்பினார்.

"காலைலேர்ந்து மூணு எடத்துலயும் வாய மூடிக்கினு இருந்தியே, நைனா. கடைசில எப்பிடித் தைரியம் வந்துச்சு?"

ஸ்டீவன் தலையைச் சொறிந்தார். ஹேமாம்புஜத்தைக் காட்டினார்.

"இந்த அம்மா காலைலயே பாத்துட்டாங்கம்மா. அப்பவே கத்தியிருந்தா அவங்க கேஸு ஜெயிச்சிருக்கும். கத்தல. பட்டன திருப்பிப் போட்டு உட்டாங்க." ஸ்டீவன் தன் பட்டனைத் தொட்டுப் பார்த்தார். "அதுக்கப்புறம் எப்பிடிங்கம்மா சும்மா நிக்கிறது?"

ஹேமாம்புஜம் அவசரமாக முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் கூசுவதாகச் சொன்னார்.

"அம்மா, அந்த ஊக்கு மாமியுது," என்று கெங்கம்மாளை நெருங்கினான் ஜோஷ்வா.

"அது சாட்சிப் பொருள், நைனா. சட்டமன்றத்துக்குப் போவணும்."

"போச்சு! எங்க ஆபீஸ்லேர்ந்து சட்டமன்றத்துக்குப் போற மொத ஆளு ஒரு ஊக்கு!"

ஆட்டோ கிளம்பும்போது மெர்சி ஓடிப்போய் ஸ்டீவனைப் பிடித்தாள்.

"அண்ணே, இங்க உங்கள எப்பிடி வெச்சிருப்பாங்களோ தெரியாது. எதுனா ஒண்ணுன்னா சோழவரம் வந்துடுங்க. பொம்பளைங்க பட்டறைதான். ஆனா லோடு ஏத்த, பெயின்ட் அடிக்க ஆளு வேணும்." சற்றுத் தயங்கினாள். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நாங்க ஒரு சட்டதான் குடுப்போம்."

ஸ்டீவன் பச்சைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி விட்டுக்கொண்டார்.

"ஒண்ணு போதும்மா," என்றார். "மூச்சு உடலாம்."